இருநூற்று நாற்பதாவது பிள்ளை

பிள்ளைகளை எண்ணுவதில் வெர்னிட்டா கேடிஸை மிஞ்ச டெட்ராய்ட் கிழக்குப் பக்கத்தில் ஆள் கிடையாது. எங்கள் தொடக்கப் பள்ளி ஆஃபீஸில் பதினேழு வருஷமாக அவள்தான் கிளார்க். யார் வரவில்லை, வராத பிள்ளைக்குக் காய்ச்சலா, அம்மாவுக்கு ஷிஃப்ட் மாறிவிட்டதா, கார் கிளம்பவில்லையா என்பதையெல்லாம் பதிவேட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவாள். நான் அதே பள்ளியில் சமையலறைப் பொறுப்பு. பெயர் ஓசெல்லா, வாத்தியார் முதல் வாண்டு வரை எல்லோருக்கும் மிஸ் ஓ. அவள் தலைகளை எண்ணுவாள், நான் தட்டுகளை எண்ணுவேன். அதனாலேயே எங்களுக்குள் ஒத்துப்போனது என்று நினைக்கிறேன்.

வெர்னிட்டா படித்ததும் இதே பள்ளியில்தான். அவள் அப்பா அச்சு வார்க்கும் ஆலையில் யூனியன் ஆள். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஜெபத்துக்கு அடுத்தபடி யூனியன் பேச்சுதான். அவளும் அப்படியே வளர்ந்தாள். எங்கள் பகுதியில் ஒவ்வொரு பள்ளியாகப் பூட்டிக்கொண்டு வந்த காலத்தில், எங்கள் பள்ளி மட்டும் தப்பித்ததற்கு அவளும் ஒரு காரணம். யாராவது பிள்ளையை, மாவட்டப் பள்ளிகளுக்குப் போட்டியாகத் தனியாக நடக்கும் சார்ட்டர் பள்ளிக்கு மாற்றப்போகிறேன் என்று படிவம் கேட்டு வந்தால் போதும், படிவம் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் பிடித்துக்கொள்வாள்.

"அவங்க இன்னிக்கு வருவாங்க, நாளைக்குக் கடையைச் சாத்திட்டுப் போவாங்க. அப்ப என்கிட்டதான் திரும்பி வரணும், தெரியுமில்ல?" என்பாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. என் தம்பி மகன் படித்த சார்ட்டர் பள்ளி ஒரு பிப்ரவரி மாதம், பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல். ரோட்டோரத்தில் பெரிய பெரிய விளம்பரப் பலகைகள், சேர்ந்தால் புத்தகப்பை இலவசம், டேப்லெட் இலவசம். பள்ளிக்கூடமா சோப்புக் கம்பெனியா என்று நானே பலமுறை கேட்டிருக்கிறேன். இதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமாக இருக்காது.

மிச்சிகனில் அக்டோபர் முதல் புதன்கிழமை எண்ணிக்கை நாள். அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்களோ அதை வைத்துத்தான் பள்ளிக்கு அரசாங்கப் பணம் வரும், வாத்தியார்கள் இருப்பார்கள் அல்லது போவார்கள். அதனால் அன்றைக்குப் பள்ளியில் பீட்சா உண்டு, பாப் என்கிற சிவப்பு சோடா உண்டு, வந்தவர்களுக்குக் குலுக்கலில் சைக்கிள்கூட உண்டு. அந்த வருஷம் பள்ளி முதல்வர் மிஸ் ஹேர்ஸ்டனுக்கு மேலிடத்திலிருந்து ஒரே வரியில் கடிதம் வந்திருந்தது: இருநூற்று நாற்பதுக்கு ஒன்று குறைந்தாலும் மூன்றாம் வகுப்பு வாத்தியார் இருவரில் ஒருவர் வேறு பள்ளிக்கு மாற்றப்படுவார். மீதி இருக்கும் ஒருவரிடம் முப்பத்தொன்பது பிள்ளைகளையும் ஒரே அறையில் அடைத்துவிடுவார்கள். பதிவேட்டில் இருந்ததோ இருநூற்று நாற்பத்தொரு பேர்.

அன்று காலை ஆறரைக்கே வெர்னிட்டா தன் பழைய காரை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கிளம்பிவிட்டாள். தூங்கியவர்களை எழுப்பி, ஷூ இல்லாதவனுக்கு அண்ணன் ஷூவை மாட்டி, பின் சீட்டில் ஐந்து ஐந்து பேராக அள்ளிக்கொண்டு வந்து இறக்கினாள். ஒன்பது மணிக்கு அவளே வகுப்பு வகுப்பாகப் போய்ப் பெயர் கூப்பிட்டுப் பதிவு செய்தாள். பத்து மணிக்கு ஒலிபெருக்கியில் மிஸ் ஹேர்ஸ்டன் குரல் வந்தது: இருநூற்று நாற்பது. டெசிரே கிரம்ப் என்ற இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்திதான் வரவில்லை. அவள் வீட்டு ஃபோன் துண்டிக்கப்பட்டிருந்தது, வீடும் பூட்டியிருந்தது. வகுப்பறைகளில் கைதட்டல் கேட்டது. நான் அடுப்பறையில் ஒரு சின்ன ஆட்டம்கூட ஆடினேன்.

மதியம் இரண்டரை மணிக்கு நான் தட்டுக் கணக்கைச் சரிபார்த்தேன். எண்ணிக்கை நாளில் பீட்சா வேண்டாம் என்று சொல்லும் பிள்ளை உலகத்தில் கிடையாது. ஆனால் என் கணக்கில் இருநூற்று முப்பத்தொன்பது தட்டுதான் போயிருந்தது. மறுபடி எண்ணினேன், அதேதான். என்னடா இது, யாருக்காவது வயிற்று வலியா என்று ஆஃபீஸுக்குப் போனேன்.

"வெர்னிட்டா, ஒரு பிள்ளை சாப்பிடாம இருக்கு. யாருன்னு பாரு. மயங்கி விழுந்துரப் போகுது" என்றேன்.

"எல்லாரும் சாப்ட்டிருப்பாங்க மிஸ் ஓ. நீங்க எண்ணினதுல தப்பு."

"அடுப்புல வேணா தப்பு பண்ணுவேன், தட்டுல பண்ண மாட்டேன். வகுப்பு வகுப்பாச் சொல்லு, நான் வந்த முகத்தைச் சொல்றேன்."

அவள் பதிவேட்டைத் திறந்து பெயர் பெயராக வாசித்தாள். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். மூன்றாம் வகுப்பில் 'கேடிஸ், ஜனையா' என்ற இடத்தில் அவள் வாய் நின்றுவிட்டது. ஜனையா அவள் மகள். எட்டு வயசு. எப்போதும் வரிசையில் கடைசியாக நின்று, "மிஸ் ஓ, எனக்கு ஓரம் கருகின துண்டு" என்று கேட்டு வாங்குவாள். அன்று அவள் வரவில்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

வெர்னிட்டாவின் முகம் சாம்பலாகிவிட்டது. எழுந்து போய் ஆஃபீஸ் கதவைச் சாத்தினாள்.

"அவ இங்க இல்ல மிஸ் ஓ. நேத்துலேர்ந்து இங்க இல்ல. நான்தான் கூப்பிட்டேன், நான்தான் பதிஞ்சேன். மூணு வருஷமா அந்தப் பேருக்கு நேரா பதிஞ்ச கை, பதில் வர்றதுக்கு முன்னாடியே தானாப் போயிருச்சு."

"இங்க இல்லன்னா எங்க?"

"கிராஷட் ரோட்டுக்கு அந்தப் பக்கம். பழைய கத்தோலிக்கப் பள்ளிக் கட்டடத்துல இருக்கே, அந்த சார்ட்டர்ல."

நான் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வந்தது கோபம், ஒளிப்பானேன். பதினேழு வருஷம் அடுத்த வீட்டுப் பெண்களை நிறுத்தி வைத்துப் பிரசங்கம் செய்தவள், தன் மகளைச் சத்தமில்லாமல் அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறாள். "நல்லா இருக்குடி உன் நியாயம்" என்றேன். அவள் மேசை டிராயரைத் திறந்து, மகளின் மாற்றல் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். எல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது. முதல்வரிடம் கொடுக்கத்தான் கால் வரவில்லையாம்.

பிறகு கொட்டித் தீர்த்தாள். போன குளிர்காலம் வரை ஜனையா நன்றாகப் படிக்கிறாள் என்றே நம்பியிருந்திருக்கிறாள். தினமும் சாயங்காலம் புத்தகத்தை விரித்து அழகாக வாசிப்பாள் அந்தப் பெண். ஒருநாள் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டுவிட்டது. வாசிப்பு மட்டும் நிற்காமல், விட்டுப்போன பக்கத்தில் இருந்ததையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே போனது. வகுப்பில் கேட்டு மனப்பாடம் செய்து ஒப்பித்ததுதான் அத்தனையும். ஒரு வரிகூட அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது.

"நம்ம ஸ்கூல்ல வாசிப்புச் சொல்லித்தர்ற தனி டீச்சரை எடுத்து ரெண்டு வருஷமாச்சு. யார்கிட்ட போறது? அக்காவோட கோட் ஒண்ணை மாட்டிக்கிட்டு, தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு அங்க போனேன். திருடப் போற மாதிரி இருந்துச்சு."

"அங்க எவ்வளவு ஃபீஸ்?"

"நானும் அதையேதான் முதல்ல கேட்டேன். அங்க இருந்த பொண்ணு சிரிச்சிட்டா. ஃபீஸே கிடையாதாம். நமக்கு வர்ற அதே அரசாங்கப் பணம்தான் அவங்களுக்கும். நம்ம மாவட்ட போர்டு அவங்களை நடத்தலை, தனியா ஒரு ஒப்பந்தம் போட்டு நடத்துறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். ஒப்பந்தப்படி பிள்ளைங்க தேறலைன்னா மூடச் சொல்லிருவாங்க. பரீட்சை வச்சு எடுப்பீங்களான்னு கேட்டேன். அதுவும் இல்லையாம். இடத்தை விட ஆள் அதிகமானா எல்லார் முன்னாடியும் குலுக்கல். ஜனையாவுக்குக் காத்திருப்போர் பட்டியல்ல பதினாலு. சரி, கடவுளே வேண்டாம்னுட்டாருன்னு விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"திங்கக்கிழமை கூப்பிட்டாங்க. ஒரு குடும்பம் ஒஹாயோ போயிருச்சு, ஒரு இடம் இருக்கு, செவ்வாய்க்கிழமை வரலைன்னா அடுத்த பேருன்னாங்க. அங்க தினமும் நாப்பது நிமிஷம், நாலே பிள்ளைங்களை உக்கார வச்சு வாசிக்கச் சொல்லித்தர்றாங்க மிஸ் ஓ. நாலே நாலு பேர். நான் என்ன பண்ண?"

என்ன பண்ணச் சொல்வது? என் கோபம் அங்கேயே பாதி வடிந்துவிட்டது. மீதிப் பாதி பயமாக மாறியது. ஒரே நாளில் ஒரே பிள்ளையை இரண்டு பள்ளிகளில் எண்ணிவிட்டால் அது கண்டிப்பாக வெளியே வரும். கைதவறியது என்று யார் நம்புவார்கள்? ஒன்று கூடுவதால் எந்தப் பள்ளிக்கு லாபமோ அந்தப் பள்ளியின் கிளார்க் இவள், அந்தப் பிள்ளையின் அம்மாவும் இவளே. வேலையும் போகும், பெயரும் போகும். ஜனையாவின் இடமும் சிக்கலில் மாட்டும். மணி மூன்றே கால். நான்கு மணிக்கு மிஸ் ஹேர்ஸ்டன் கையெழுத்துப் போட்டுத் தாளை அனுப்புவார்.

"எந்திரி" என்றேன்.

மிஸ் ஹேர்ஸ்டன் ஆறடி உயரம். முன்பு கணக்கு வாத்தியார். பேச்சில் ஒரு வார்த்தை கூடுதலாக இருக்காது. வெர்னிட்டா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நான் கதவருகில் நின்றேன், அவள் ஓடிவிடாமல் இருப்பதற்குத்தான். சொல்லி முடித்ததும் மிஸ் ஹேர்ஸ்டன் தாளை எடுத்து, இருநூற்று நாற்பதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் இருநூற்று முப்பத்தொன்பது என்று எழுதினார். காலையில் ஒலிபெருக்கியில் கேட்ட அந்த எண் அப்படிப் போனது.

"என்னை மன்னிச்சிருங்க, மேடம். பதினேழு வருஷம்..." என்று ஆரம்பித்தாள் வெர்னிட்டா.

"உட்காரு" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஜனையாவுக்கு வாசிக்க வரலைன்னு எனக்கு ஒண்ணாம் வகுப்புலேயே தெரியும். டீச்சர் வேணும்னு ரெண்டு வருஷமா எழுதிட்டிருக்கேன். ஒரு நாள் உன்னைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளைக்கு வேற இடம் பாருன்னு சொல்லியிருக்கணும். ரெண்டு தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலை."

"ஏன்?" என்றேன் நான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"சொன்னா ஒண்ணு குறையும் மிஸ் ஓ."

எனக்கு வெட்கமாக இருந்தது. தட்டை எண்ணி எண்ணி நானும்தான் பிள்ளையைப் பார்க்க மறந்திருந்தேன். ஓரம் கருகின துண்டு கேட்கிற பெண்ணுக்குச் சமையலறைச் சுவரில் நான் ஒட்டியிருக்கும் பட்டியலைப் படிக்கத் தெரியாது என்பது மூன்று வருஷத்தில் எனக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லை.

விதிகளில் ஒரு சின்ன இடம் இருந்தது. எண்ணிக்கை நாளில் வராத பிள்ளை, அடுத்த பத்துப் பள்ளி நாட்களுக்குள் வந்து உட்கார்ந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். பதிவேட்டில் இருந்து வராதவள் டெசிரே கிரம்ப் ஒருத்திதான். அவள் வந்தால் இருநூற்று நாற்பது. வராவிட்டால் மூன்றாம் வகுப்பு வாத்தியார் போவார், அதற்குக் காரணம் தன் மகள்தான் என்று வெர்னிட்டா ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள்.

முதல் ஒரு வாரம் டெசிரேயின் அம்மா டவான்யாவைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. தண்ணீர்க் குழாய் வெடித்து வீட்டைக் காலிசெய்துவிட்டாள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சர்ச்சில் கேட்டோம், நகம் வெட்டிச் சாயம் பூசும் கடையில் கேட்டோம். எட்டாவது நாள், நகரின் மேற்குப் பக்கம், ஏழு மைல் ரோட்டில் ஒரு ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்தது. பள்ளி விட்டதும் வெர்னிட்டாவின் காரில் இரண்டு பேரும் போனோம். ஒரு அலுமினிய டப்பாவில் மக்ரோனி சீஸ் செய்து எடுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு போய் ஒரு பெண்ணிடம் காரியம் கேட்க எனக்கு வராது.

டவான்யா கதவைப் பாதிதான் திறந்தாள். இருபத்தாறு வயசிருக்கும். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை, யூனிஃபார்ம்கூடக் கழற்றவில்லை. அவளுக்குப் பின்னால் டெசிரே நின்று எங்களைப் பார்த்தாள். திக்கும் அந்தப் பிள்ளைக்கு. அதனால் பேசவே மாட்டாள், கண்ணாலேயே விசாரிப்பாள்.

"தெரியும், எதுக்கு வந்திருக்கீங்கன்னு. ஒரு வாரத்துக்குள்ள நீங்க நாலாவது ஆளு. ரெண்டு சார்ட்டர்காரங்க வந்து பையைக் கொடுத்து, டேப்லெட்டும் தர்றோம்னு சொல்லிட்டுப் போனாங்க. மாவட்டத்து ஆளு ஒருத்தர் வந்து, பிள்ளையை அனுப்பலைன்னா கேஸுன்னு மிரட்டிட்டுப் போனாரு. நீங்க மக்ரோனியா?" என்றாள் டவான்யா.

"சாப்டுட்டுத் திட்டு, கண்ணு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை, ஆனால் டப்பாவை வாங்கிக்கொண்டாள். வாசற்படியில் உட்கார்ந்தோம். அடுத்த கேள்வியை நேராக வெர்னிட்டாவைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க மகளை நீங்களே சார்ட்டர்ல போட்டுட்டீங்களாமே. என் தங்கச்சி மகன் அங்கதான் படிக்கிறான், பார்த்திருக்கான். ரெண்டு வருஷம் முன்னாடி நான் ஃபாரம் கேட்டப்ப என்னை அரை மணி நேரம் நிக்க வச்சு என்ன பேச்சு பேசினீங்க. இப்ப நிஜத்தைச் சொல்லுங்க. உங்க பிள்ளைக்கு ஆகும், என் பிள்ளைக்கு ஆகாதா?"

நான் வெர்னிட்டாவின் முட்டியைக் கிள்ளினேன். 'இல்லை, அவன் வேறு யாரையோ பார்த்திருப்பான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த நேரத்தில் அவள் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று நான் விரும்பினேன். இரண்டு நாள்தான் பாக்கி.

"ஆமா, போட்டுட்டேன்" என்றாள் வெர்னிட்டா. "அன்னிக்கு உன்கிட்ட நான் பேசினது தப்பு. பேசின விஷயம் பாதி நிஜம்தான், பேசின முறை தப்பு. ஃபாரம் கேட்டா கொடுத்திருக்கணும். அதான் என் வேலை."

டவான்யா இதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

"டெசிரே எப்படி இருக்கா? வீட்ல பேசுறாளா?" என்று கேட்டாள் வெர்னிட்டா.

"வீட்ல பேசுவா. பாடினா திக்காது. புது ஆளு வந்தா வாயே திறக்க மாட்டா."

"அவளுக்கு வேண்டியது பேச்சுப் பயிற்சி. நம்ம ஸ்கூல்ல அதுக்கு வாரத்துல மூணு நாள் டீச்சர் வர்றாங்க, நீ அதைப் பார்த்திருக்க. என் மகளுக்கு வேண்டியது வாசிப்பு, அது நம்மகிட்ட இல்ல, அங்க இருக்கு. அதனால அங்க போட்டேன். உனக்கு எது சரின்னு எனக்குத் தெரியாது. பையையும் டேப்லெட்டையும் ஓரமா வச்சிட்டு, அவங்களை நாலு கேள்வி கேளு. பேச்சு டீச்சர் வாரத்துல எத்தனை நாள் வருவாங்க? வேன் உண்டா, இல்ல நீயே கொண்டு விடணுமா? ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருஷம் இருக்கு? போன வருஷம் சேர்ந்த பிள்ளைங்க எத்தனை பேர் இன்னும் இருக்காங்க? இதுக்கெல்லாம் பட்டுபட்டுன்னு பதில் சொன்னாங்கன்னா யோசி. பிடிக்கலைன்னா எந்த நாளும் திரும்பி வரலாம், யாரும் உன்னைக் கட்டிப்போட முடியாது."

சொல்லிவிட்டு, தன் மகள் பள்ளி ஆஃபீஸ் பெண்ணின் ஃபோன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவள் கையில் கொடுத்தாள். டெசிரேயைப் பார்த்துக் கையாட்டினாள். அவ்வளவுதான், எழுந்துவிட்டாள். திரும்பி வா என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பத்து நாள் கெடு பற்றியும் மூச்சு விடவில்லை.

காரில் ஏறியதும் நான் பிடித்துக்கொண்டேன்.

"உனக்குப் பைத்தியமா? அவங்க நம்பரையே எழுதிக் கொடுத்துட்டு வர்ற. மூணாம் வகுப்பு டீச்சர் பெட்டி கட்டவா? என் மக்ரோனியும் போச்சு."

"அவ என் கண்ணைப் பார்த்துக் கேட்டா மிஸ் ஓ. நான் தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டுப் போய் நின்னப்ப, எங்கிட்ட யாராவது இப்படி சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு."

அதற்கு மேல் அவளைத் திட்ட மனசு வரவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய்த் திட்டினேன், பாத்திரங்களைத்தான்.

ஒன்பதாவது நாள் யாரும் வரவில்லை. பத்தாவது நாள் ஒரு சாதாரணப் புதன்கிழமை. காலைச் சாப்பாடு முடிந்தது. எட்டரை ஆனது, ஒன்பது ஆனது. வாத்தியார்கள் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு ஆஃபீஸ் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் கரண்டியைக் கையில் பிடித்தபடி இரண்டு முறை போனேன். வெர்னிட்டா தலை நிமிராமல் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். ஜனையா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன், பேச்சை மாற்றத்தான்.

"இப்பத்தான் தடுக்கித் தடுக்கிப் படிக்கிறா. ஒரு வரிக்கு ரெண்டு நிமிஷம். முன்னாடி மாதிரி கடகடன்னு இல்ல" என்றாள். "கேக்க அவ்வளவு நல்லா இருக்கு."

ஒன்பது இருபதுக்கு வெளிக்கதவு மணி அடித்தது. டவான்யா யூனிஃபார்மோடு நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு டெசிரே, முதுகில் ஏதோ ஒரு சார்ட்டர் பள்ளி கொடுத்த புதுப் பை. நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தில் மிஸ் ஹேர்ஸ்டனும் தன் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

"பஸ் ரெண்டு மாறி வர்றோம், அதான் லேட்டு" என்றாள் டவான்யா. "குழாயைச் சரி பண்ணிட்டாங்க, சனிக்கிழமை வீட்டுக்குத் திரும்பிருவோம். நீங்க கொடுத்த நம்பருக்குப் பேசினேன். நல்லாத்தான் பேசினாங்க. பேச்சு டீச்சர் இப்போதைக்கு வாரத்துல ஒரு நாள்தான், இன்னொருத்தரைத் தேடிட்டிருக்காங்களாம். மத்த ரெண்டு ஸ்கூல்லயும் கேட்டேன், ஒருத்தருக்கும் பதில் தெரியலை. டேப்லெட்டைப் பத்தி மட்டும் நல்லாத் தெரியுது."

வெர்னிட்டா எழுந்து நின்றாள்.

"என் வாசலுக்கு வந்த எல்லாரும் என் பிள்ளையைக் கேட்டாங்க. பிள்ளை எப்படி இருக்கான்னு நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க. 'வா'ன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா வந்திருக்க மாட்டேன்" என்றாள் டவான்யா.

டெசிரே கையை விட்டுவிட்டுத் தானாகவே தன் வகுப்பை நோக்கி நடந்தாள். வழி அவளுக்குத் தெரியும். அவள் போய் நாற்காலியில் உட்காரும் வரை நான் தாழ்வாரத்தில் நின்று பார்த்தேன். திரும்பி வந்தபோது என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மூன்றாம் வகுப்பு வாத்தியார் சுவரில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெர்னிட்டா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள். பத்து நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

டவான்யா வாசல்வரை போனவள் நின்றாள். முதல்வரைப் பார்த்தாள், வெர்னிட்டாவைப் பார்த்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது.

"ஒண்ணு கேக்கணும். அந்த ஸ்கூல்ல இன்னொரு பேச்சு டீச்சர் வந்துட்டாங்கன்னா... அடுத்த வருஷத்துக்கு ஒரு ஃபாரம் போட்டு வைக்கலாமா? சும்மா, கையில ஒண்ணு இருக்கட்டுமேன்னு."

மிஸ் ஹேர்ஸ்டன் இரண்டடி தள்ளி நிற்கிறார். இருநூற்று நாற்பதாவது பிள்ளை உள்ளே போய் இன்னும் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வெர்னிட்டா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போட்டு வை. குலுக்கல் மார்ச்ல. அதுக்குள்ள கொடுத்திரணும். எழுதத் தெரியலைன்னா நான் உக்காந்து எழுதித் தரேன்" என்றாள், நல்ல சத்தமாகவே.

நான் மிஸ் ஹேர்ஸ்டனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், முதல்வர் அதை டவான்யாவின் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"உட்காரும்மா. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. டெசிரேக்கு வேற என்னென்ன வேணும்னு முதல்ல சொல்லு. எங்களால முடிஞ்சதை நாங்க செய்யறோம், முடியாததை முடியாதுன்னு சொல்லிடறோம்" என்றார்.